படத்தில் தெரியாதது

புற்றுநோய்க்காக என் புராஸ்டேட் சுரப்பியை அறுத்து எடுத்த பிறகு, ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு ஏறக்கூடாது என்றார்கள். ஏறினால் புற்றுநோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். முதல் தடவை ஏறியபோது கதிர்வீச்சு கொடுத்தார்கள், அடங்கியது. மேற்கு மாம்பலத்தில் என் மிக்சி ரிப்பேர் கடையை மறுபடியும் திறந்தேன். சில வருடங்கள் கழித்து மறுபடியும் ஏறியது.

அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். கையில் ஊசி வழியாக ஏற்றும் கதிரியக்க மருந்து, நோய் இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு படத்தில் மின்னுமாம். முடிந்ததும் நர்ஸ், "இன்னிக்கு கர்ப்பிணிங்க, கொழந்தைங்க பக்கத்துல போவாதீங்க சார்" என்றாள்.

வீட்டில் பிரசவத்துக்கு வந்த மகள் இருந்தாள். எங்களுடையது சின்ன வீடு. அதனால் கடைக்குப் போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி சோறு கொண்டுவந்தாள்.

"வெளியவே வெச்சிட்டுப் போ."

"நான் இன்னா மாசமாவா கீறேன்?" என்று குனிந்து உள்ளே வந்து, என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

படத்தில் எதுவுமே தெரியவில்லை. டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "ரத்தத்துல இருக்குன்னு காட்டுது. ஆனா ஸ்கேன்ல தெரியற அளவுக்கு இன்னும் வளரல. எங்கன்னு தெரியாம மறுபடி கதிர்வீச்சு குடுக்க முடியாது. ரத்தத்தைப் பாத்துக்கிட்டே இருப்போம்."

எனக்கு விளங்கிவிட்டது. அது வளரும்வரை காத்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் மனைவியின் முகம் தெளிந்திருந்தது. "மிஷினுக்கே தெரியலன்னா, இல்லன்னுதானே அர்த்தம்?"

"ரத்தத்துல கீதுன்னாங்களே."

"ரத்தம் இன்னாத்த கண்டுச்சி?"



அதன்பின் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் எண் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. முடிவு வரும்வரை கடையில் வேலை ஓடாது. இடுப்பு லேசாகப் பிடித்தாலும் அதுதானோ என்று அந்த இடத்தையே அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதற்கிடையில் பேத்தி பிறந்தாள். முதல்முதலாக அவளைக் கையில் வாங்கியபோது மற்றவர்கள் சிரித்தார்கள். இவள் பேசுவதைக் கேட்பேனா என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த ஸ்கேனில் தெரிந்தது. முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் காட்டிய பொட்டுகளை மனைவி வெகுநேரம் பார்த்தாள்.

"போன தபா இதெல்லாம் எங்கம்மா இருந்திச்சி?"

"அங்கதாம்மா இருந்திருக்கும்."

"சரியாப் பூடுமா?"

"கட்டுக்குள்ள வெச்சிக்கலாம்."

அவள் கேட்டது அது அல்ல. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இப்போது இந்த நோயை வளர்க்கும் ஹார்மோனை அடக்க ஊசி போடுகிறார்கள். திடீரென உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டுகிறது. கையில் வலுவில்லை; ஒரு ஸ்குரூவை இறுக்குவதற்குள் மூச்சு வாங்குகிறது. பி.எஸ்.ஏ. இறங்கியிருக்கிறது என்று மகள் போனில் சந்தோஷப்படுகிறாள். கொஞ்ச காலத்துக்குப் பிறகு இந்த ஊசிக்கும் நோய் அடங்காமல் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். மகளிடம் அதை நாங்கள் இன்னும் சொல்லவில்லை.