எல்லோரும் நிர்வாகிகள்

இந்துமதிக்கு நாற்காலி கிடைத்த கதையை எங்கள் கம்பெனியில் யாரும் சரியாகச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

அவிநாசிப் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு, அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் வருடக்கணக்காக நின்றவள். தைத்து வரும் சட்டைகளில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்கிற வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். அவளுக்கு முழங்கால் கெட்டதே அங்கேதான். "வெப்சைட் ஒண்ணு பண்ணிக் குடு அம்மிணி, ஆபீசுல உக்காந்துக்கலாம்" என்று முதலாளி செங்கோட்டையன் சொன்னபோது அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

ட்ரூபல் என்ற மென்பொருளை இறக்கி நிறுவினாள். கோடிங் தெரியாதவர்களும் இணையதளத்தில் பக்கம் எழுதலாம், படம் போடலாம், வேண்டியபோது மாற்றலாம். விலை கிடையாது. அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றியும் கொள்ளலாம். இதைக் கேட்டதும் முதலாளியின் முகம் மாறிவிட்டது. பக்கத்துக் கம்பெனிக்காரர் எட்டிப் பார்ப்பார் என்று சாம்பிளைத் துணி போட்டு மூடி வைக்கிற மனிதர் அவர்.

"சும்மாவும் குடுக்கறாங்க, தொறந்தும் போடறாங்க. பொழைக்கத் தெரியாதவங்களா அம்மிணி?"

"சாஃப்ட்வேரு மட்டுந்தானுங்க பொது. நம்ம சைட்டுல யாரு எதை மாத்தலாம்னு நாமதானுங்க முடிவு பண்றது."

அங்கேதான் வினை. தளத்துக்குள் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு கொடுக்க வேண்டும். நிர்வாகி என்றால் எல்லாம் செய்யலாம். பங்களிப்பாளர் எழுதி வைக்கலாம், வெளியிட நிர்வாகி சம்மதிக்க வேண்டும். முதலாளியின் சொந்தத்தில் யாரைப் பங்களிப்பாளர் என்பது? மாமாவுக்குக் குறைத்துக் கொடுத்தால் அடுத்த விசேஷத்துக்கு வரமாட்டார். மச்சானுக்குக் குறைத்தால் வீட்டுக்காரம்மா பேசமாட்டார். ஆக மாமா, மச்சான், சித்தப்பா, சகலை எல்லோரும் நிர்வாகி. வேலை செய்கிறவள் மட்டும் பங்களிப்பாளர். எங்கள் ஊரில் மரியாதை என்றால் அப்படித்தான்.

டென்மார்க்கிலிருந்து ஒரு பையர், மொத்தமாகத் துணி வாங்குகிறவர், எங்கள் தளத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் பற்றிப் பேசுவதாக இருந்தது. அவர் பார்த்த அன்று முகப்பில் இருந்தது, மச்சான் மாரப்பன் ஆசையாக ஏற்றிய பேத்தியின் காதுகுத்துப் படம். மொட்டைத் தலையோடு குழந்தை கதறுகிறது, பக்கத்தில் ஊசி. உடனே மின்னஞ்சல் வந்தது. அந்தக் குழந்தை எந்தப் பிரிவில் வேலை செய்கிறது என்று கேட்டிருந்தார்.

மச்சானைக் கேட்க முடியுமா? இந்துமதியைச் செக்கிங் மேசைக்கே திருப்பி அனுப்பினார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் போய் அடுத்த சட்டையை எடுத்து ஓட்டை பார்க்கத் தொடங்கினாள்.

ஆனால் படத்தை எடுத்தாக வேண்டுமே. மாரப்பனுக்குப் பாஸ்வேர்ட் மறந்துபோயிருந்தது. மாமாவுக்கு அப்படி ஒன்று உண்டென்பதே தெரியாது. முதலாளி தன்னுடையதைப் பத்து விதமாக அடித்துப் பார்த்தார். புதிதாக வாங்கலாம் என்றால் அது மின்னஞ்சலுக்கு வரும். அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் தொடங்கிக் கொடுத்தவள் இந்துமதி; அதைத் திறக்கவும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முதலாளியே செக்கிங் மேசைக்கு வந்தார். "அந்தப் படத்தை எடுத்துப் போடு அம்மிணி. டென்மார்க்குக்குப் பதில் சொல்லோணும்."

அவள் கையிலிருந்த சட்டையைத் திருப்பி மறுபக்கம் பார்த்தாள். "நின்னுட்டே பண்ண முடியாதுங்க. உக்காந்துதானுங்க பண்ணோணும். அதுவும் நெதமும்."

நாற்காலி திரும்பி வந்தது. படம் இறங்கியது, டென்மார்க்குக்கு விளக்கம் போனது, சின்னதாக ஒரு ஆர்டரும் வந்தது. அவள் அதோடு விடவில்லை. ட்ரூபலில் புதுப் பொறுப்புகளை உண்டாக்கி, பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம். 'தலைமை நிர்வாகி' என்று ஒன்றை உண்டாக்கினாள். உள்ளே வரலாம், பார்க்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. முதலாளி உட்பட எல்லோரையும் அதற்கு உயர்த்தினாள். வெறும் நிர்வாகியாக அவள் மட்டும் இருந்துகொண்டாள்.

மாரப்பன் போன் செய்தார். "இப்பத்தான் கண்ணு மொறை தெரிஞ்சு நடந்துக்கற."

"ஆமாங்க" என்றாள் இந்துமதி, உட்கார்ந்தபடியே.