குற்றத்தை ஒத்துக்கொண்ட லிஃப்ட்காரர்

லிஃப்ட் மெக்கானிக் லைசென்ஸ் போய், வீட்டில் மிக்ஸி பழுது பார்க்கும் நிலைக்கு வந்த பிறகும் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பேர். அந்த லிஃப்ட்காரருக்கு இப்போது வயிறு எரிந்தது. மச்சானுக்கு விடுதலையாம்! பெண்டாட்டி தன் அண்ணன் புகழை மாடிக்கு மாடி பாடிக்கொண்டிருந்தாள்.

மச்சானும் இவரும் ஒரே லிஃப்ட் கம்பெனி. கிடங்கில் செம்புக் கம்பி காணாமல் போனபோது ஒரே வழக்கில் மாட்டினார்கள். "ஒத்துக்கிட்டா அபராதத்தோட போச்சு" என்று, எடுக்காத கம்பியை எடுத்தேன் என்று சொல்லிவிட்டு, லைசென்ஸையும் இழந்து இவர் வீடு வந்து சேர்ந்தார். மச்சான் வாதாடித் தோற்று, ஜெயிலுக்குப் போய், அங்கிருந்தும் அப்பீல் போட்டார். "பிழைக்கத் தெரியாத மனுஷன்" என்று இவர் சிரிக்காத இடமில்லை.

இப்போது, அன்று இவர்கள்மேல் பொய்ப் பழி சொன்ன கிடங்கு மேற்பார்வையாளரே, விற்றது நான்தான் என்று சொல்லிவிட்டார். மச்சானின் தண்டனை ரத்து, லைசென்ஸும் திரும்பியது. லிஃப்ட்காரர் வக்கீலிடம் ஓடினார்.

"அதே பொய்தானேங்க என்னையும் மாட்டிவிட்டது?"

"நீங்கதான் ஒத்துக்கிட்டீங்களே. அப்பீலும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டீங்க. மறுபடி கேக்கறதுக்கான கெடுவும் தாண்டிடுச்சு. கதவு சாத்தியாச்சுங்க."

"அவருக்கு மட்டும் திறந்துச்சே?"

"அவர் நடுவுல காலை வெச்சுக்கிட்டே இருந்தாரே!"

ஞாயிற்றுக்கிழமை மச்சான் புதுச் சட்டையோடு விருந்துக்கு வந்தார். ஏறிய லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது.

"மாப்ள, மேல மோட்டார் ரூமுக்குப் போய் சக்கரத்தைக் கையால திருப்பு!" என்று உள்ளிருந்து கத்தினார் மச்சான்.

"எனக்கேது லைசென்ஸ்? கை வெச்சா இன்னொரு கேஸ். ஜெயில்லயே இருந்தவருக்கு இது பெருசா?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்ளிருந்து மெல்லிய குரலில், "பூட்டின இடத்துல இப்பல்லாம் மூச்சு முட்டுது, மாப்ள."

"போறீங்களா, நானே போய்த் திருப்பட்டுமா?" என்றாள் பெண்டாட்டி.

போனார். மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைத் திருப்பினார். இறங்கி வந்தபோது கதவருகே கூட்டம். குடியிருப்புச் செயலாளர் அதட்டிக்கொண்டிருந்தார்: "லைசென்ஸ் இல்லாம யாரு கை வெச்சது?"

வெளியே வந்த மச்சான் வியர்வையைத் துடைத்தபடி, "நான்தாங்க, எனக்கு லைசென்ஸ் இருக்கு. உள்ள இருந்தே சரி பண்ணிட்டேன்" என்றார்.

"அடேயப்பா! இனிமே நம்ம லிஃப்ட் உங்க பொறுப்புதான் சார்."

எல்லாரும் கை தட்டினார்கள். தன்னைக் காப்பாற்றத்தான் இந்தப் பொய் என்று லிஃப்ட்காரருக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிந்தது. கிரீஸ் படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.