ஐந்து சிரட்டை ரப்பர்ப் பால்

1968 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. பள்ளிக் கடிகாரம் ஐந்து நிமிடம் பிந்தி ஓடும் என்பதால் பதினொன்று இருபத்தைந்து என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மலேசியாவில், அசாம் ஜாவா என்ற ஊருக்கு அருகில் எங்கள் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், ஐந்தாம் வகுப்பு மேசைமீது ஐந்து சிரட்டைகளில் ரப்பர்ப் பால் உறைய மறுத்துக்கொண்டிருந்தது.

கேள்வி எங்களுடையது. கோல சிலாங்கூர் டவுனிலிருந்து புதிதாக வந்திருந்த யாழ்ப்பாணத்து வாத்தியார் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "எனக்கே விடை தெரியாத கேள்வியா ஒண்டு கேளுங்கோ, எல்லாருமாச் சேந்து கண்டுபிடிப்பம்" என்றார். அவர் 'ஒண்டு' என்றதற்குச் சிரித்து முடிக்கவே எங்களுக்கு நேரமாயிற்று. பிறகு நான் எழுந்தேன். தோட்டத்துப் பாலையெல்லாம் சேர்க்கும் ஸ்டோரில் திராவகம் விட்டுப் பாலை உறைய வைக்கிறார்கள். வீட்டில் இருக்கும் புளிப்புகளில் எது அந்த வேலையைச் சீக்கிரம் செய்யும் என்று கேட்டேன்.

எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், புளித்த மோர், கள். ஐந்தாவது சிரட்டையில் பால் மட்டும். மாற்றுவது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் ஒன்றுபோல என்று வாத்தியார் எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். விடையை முன்கூட்டியே ஊகித்துச் சொல்லவும் வேண்டும். நான் எலுமிச்சை என்றேன். பக்கத்து லயத்து வீட்டிலிருந்து வரும் வகுப்புத் தோழி கள் என்றாள். பால், தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுக்கும் என் அம்மாவின் வாளியிலிருந்து வந்தது. கள் கொடுத்தவர் என் மாமா. கல்விக்காகத் தன் பங்கில் அரைக் கிளாஸை இழந்தவர் என்ற பெருமை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

மணி அடிக்கும்வரை பார்த்தோம். ஒரு சிரட்டையும் உறையவில்லை. பெரிய வாத்தியார் உள்ளே வந்து முகர்ந்து பார்த்தார்.

"கள்ளுக்கடைய வகுப்புக்குள்ள கொண்டாந்துட்டீங்களா, தம்பி? பரீட்சையில இது வருமா?"

எங்கள் வாத்தியார் கெஞ்சாத குறையாக இன்னொரு வாய்ப்புக் கேட்டார். வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. அதுவும் தவறினால், இனிக் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதுதான் அறிவியல்.

அன்று மாலை அம்மாவிடம் அழுதேன். அம்மாவுக்குப் புரியவில்லை. "கெட்டுப் போயிடக் கூடாதேன்னு உன் பாலுக்குன்னு ரெண்டு மூடி மருந்து கூடுதலாதானேடா ஊத்தினேன்" என்றாள். மருந்து என்றால் அமோனியா. பால் ஸ்டோருக்குப் போகும்முன் உறைந்துவிடாமலிருக்க வாளியில் விடுவது. பிறந்ததிலிருந்து முகர்ந்த நெடி என்பதால் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. டவுனில் வளர்ந்த வாத்தியாரோ, ரப்பர்ப் பாலுக்கே அந்த நெடிதான் போலும் என்று நினைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை வாளியில் மருந்து விடக்கூடாது, நானே வந்து என் கையால் எடுப்பேன், அதுவரை யாரும் தொடக்கூடாது, இது வாத்தியார் உத்தரவு என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. பள்ளிக்கூடத்துச் சொல் எதையும் அவள் மறுத்ததும் இல்லை.

பத்தரை மணிக்கு நான் போயிருக்க வேண்டும். பெரிய வாத்தியார் சொல்வதெழுதுதல் வைத்துப் பிடித்துக்கொண்டார். பதினொன்றே முக்காலுக்கு ஓடிப் போனபோது மற்றவர்கள் பாலை எடை போடப் போய்விட்டிருந்தார்கள். அம்மா வாளிக்குக் காவலாக மரத்தடியில் நின்றாள். எதிரில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர்.

"என்னம்மா, மவன் வந்து பொட்டு வச்சாதான் வாளியத் தூக்குவியா?"

"வாத்தியாரு தொடக் கூடாதுன்னுட்டாருலா. அந்தா, வந்துட்டான் பாருங்க."

ஒரு டின் நிறைய மொண்டுகொண்டு திரும்பிப் பாராமல் ஓடினேன். எனக்குப் பின்னால் அம்மா அவசரமாக மருந்தை ஊற்றியிருக்கிறாள். தடிக்கத் தொடங்கிவிட்ட பால் மருந்துக்குக் கட்டுப்படாது.

வகுப்பில் எலுமிச்சை ஆறு நிமிடத்தில் உறைந்தது. அடுத்து புளி, அதற்கடுத்து கள், கடைசியாக மோர். பெரிய வாத்தியாரே வந்து ஒரு கட்டியை விரலால் அமுக்கினார். யாரும் பார்க்கவில்லை என்று எண்ணி இன்னொரு முறையும் அமுக்கினார். மாதம் ஒரு தடவை இப்படிச் செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாவது சிரட்டை மட்டும் பள்ளி விடும்வரை உறையவில்லை, கொஞ்சம் தடித்ததோடு சரி. கூட்டுகிறவர் அதைச் சாக்கடைக் கானில் கொட்டிவிட்டார். தானாக உறைந்திருக்குமா என்று கேட்டோம். "தெரியாது. தெரியாதெண்டுதான் சொல்லோணும்" என்றார் வாத்தியார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எது செயித்தது என்று கேட்டாள். எலுமிச்சை என்றதும் தானே செயித்ததுபோலச் சிரித்தாள். பிறகு, "நம்ம வாளியும் உறைஞ்சு போச்சுடா, வெயில்ல தராசுக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள" என்றாள்.

நான் துள்ளிக் குதித்தேன். திங்கட்கிழமை முதல் ஆளாக எழுந்து, ஐந்தாவது சிரட்டைக்கு விடை கிடைத்துவிட்டது, எதையும் சேர்க்காவிட்டாலும் நேரமானால் பால் உறையும், என் அம்மாவின் வாளியே சாட்சி என்று அறிவித்தேன். வகுப்பு கை தட்டியது. வாத்தியார் தட்டவில்லை.

"முழு வாளியுமோ?" என்றார்.

முழு வாளியும்தான், சார் என்றேன், இன்னும் உரத்த குரலில். அவர் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. என் கண்டுபிடிப்பில் ஏதோ குறை கண்டுவிட்டார் என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன்.

உறைந்துபோனதைத் தோட்டத்தில் பால் கணக்கில் சேர்க்கமாட்டார்கள், அதைவிடக் குறைந்த கட்டிப்பால் விலைதான். அன்றைய கூலியில் அம்மாவுக்கு ஒரு வெள்ளி எண்பது காசு குறைந்துபோயிற்று.