பஸ்ஸில் போன காடு

திருப்பதியில் படிக்கும் என் மகள், கல்லூரி நாடகத்தில் சூனியக்காரி ஆனாள். ஏதோ வெளிநாட்டுப் பழைய நாடகம். மூன்று சூனியக்காரிகள் ஒரு தளபதிக்குக் குறி சொல்கிறார்கள்: நீ ராஜா ஆவாய். அதைக் கேட்டவன் இருக்கிற ராஜாவைக் கொன்றுவிட்டுத் தானே ராஜாவாகிறான். திரும்பவும் குறி கேட்கப் போகிறான். காடு நடந்து மலையேறி வரும்வரை உன்னை யாரும் அசைக்க முடியாது என்கிறார்கள்.

"காடு எங்கனா நடக்குமா? அவன் நிம்மதியா குந்திக்கினான், நைனா. எதிரி சிப்பாய்ங்க ஆளுக்கொரு கெளய ஒடிச்சிப் புடிச்சிக்கினு வர்றாங்க. அவ்ளோதான், ராஜா காலி" என்றாள் போனில்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஆனாலும் அந்த ராஜாவின் தப்பு எனக்கு உடனே புரிந்தது. நல்ல வார்த்தை கேட்டதும் கவலைப்படுவதை விட்டுவிட்டான். நானாக இருந்தால் தினமும் விடிந்ததும் காட்டுக்குப் போய் மரங்களை எண்ணிவிட்டு வந்திருப்பேன். டாக்டர் உனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வராது.

"இருவது கெள வேணும். நீ கொண்டாரலன்னா என் வாக்கு பொய்யாப் பூடும்" என்றாள்.

சித்தூரில் நான் வேலை பார்க்கும் மாந்தோப்பில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. வெட்டிப் போட்டதில் நல்லதாக முப்பது கிளை கட்டிக்கொண்டு, நாடகத்தன்று மூன்று மணி நேரம் முன்னதாகவே பஸ் ஏறினேன்.

"எவரி பெள்ளி அண்ணா?" என்றார் கண்டக்டர். மாவிலையைப் பார்த்தால் கல்யாணம் யாருக்கு என்றுதான் கேட்பார்கள். ராஜாவைக் கொல்லக் கொண்டுபோகிறேன் என்று எப்படிச் சொல்வது? "நம்ம பொண்ணு ஃபங்க்ஷனுங்க" என்றேன்.

பின்சீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "நாளைக்கு எங்க வூட்ல கிரகப்பிரவேசம்ணா. தோரணத்துக்கு ஒரு கெள குடேன்."

நல்ல காரியத்துக்கு இல்லை என்றால் என் மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து கொடுத்தேன். அதைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். அப்புறம் கண்டக்டரே கேட்டார். திருப்பதியில் இறங்கும்போது பஸ் முழுக்க மாவிலை. என் கையில் எட்டுக் கிளை.

மகள் கறுப்புப் புடவையும் விரித்த தலையுமாக ஓடி வந்தாள். "காடு எங்க நைனா? பொதருதான் வந்துகிது!" என்று சிரித்தாள். ஆனால் முகம் வாடிவிட்டது.

மேடையையே சுற்றிச் சுற்றி வந்தேன். அப்படிச் சுற்றும்போதுதான் பின்திரைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் போகிற வழி இருப்பதைப் பார்த்தேன்.

காட்சி வந்தது. எட்டுப் பெண்கள் கிளைகளோடு மேடையைக் கடந்தார்கள். நான் சொன்னபடி திரைக்குப் பின்னால் ஓடி, முதலில் வந்த பக்கமாகவே மறுபடி வந்தார்கள். காடு வந்துகொண்டே இருந்தது. ஜனங்கள் விசிலடித்தார்கள். மேடை ஓரத்தில் சூனியக்காரி என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "ஓடுங்கம்மா, ஓடுங்க!" என்று நான் விரட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் காடு பத்தாமல் போய்விடுமோ என்று பயம்.

ஆறாவது சுற்றில், மீசை ஒட்டியிருந்த ராஜா எங்கள் பக்கமாகத் தலையைத் திருப்பிக் கிசுகிசுத்தாள்:

"போதும் அங்கிள், நான் செத்துப் பூடறேன்!"