குடோனில் கிழிந்த தாள்

அப்பா கிழித்துப் போட்ட அந்தத் தாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. டியூஷன் விட்டுப் பொழுது சாயும் நேரத்தில் சைக்கிளில் வந்தால், தூரத்தில் இருப்பதெல்லாம் கலங்கித் தெரியும். இரண்டு முறை வாய்க்காலில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டேன். பள்ளியில் கண் பரிசோதித்தபோதோ கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்துவிட்டேன். டியூஷனுக்குப் போகாமலிருக்க நடிக்கிறேன் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

கண் பரிசோதனைப் படிப்பு படித்துக்கொண்டிருந்த சித்தப்பா மட்டும் என்னை நம்பினார். விடுமுறைக்கு வந்தவர், புதுவயலில் அப்பா லாரி ஓட்டிய அரிசி ஆலைக்கு என்னையும் அம்மாவையும் கூட்டிப்போய், நெல் குடோனின் ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டுப் பட்டப்பகலில் இருட்டாக்கினார்.

"இருட்டுல பாக்க ஒண்ணும் இல்லேன்னா கண்ணோட பார்வ சும்மா இருக்காது. கிட்டக்க எங்குட்டாவது போயி நின்னுக்கிரும். எம்புட்டுக் கிட்டன்னு பாப்போம்."

என் கண்ணுக்குள் சின்ன விளக்கை அடித்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் பிடித்துத் தாளில் எழுதினார். வெளியே வந்து, "புள்ள பொய் சொல்லலண்ணே. இருட்டுல இவளுக்குத் தூரம் மங்குது," என்றார். நான் மூட்டைகள் மேல் ஏறிக் குதித்தேன்.

அப்பாவும் விளையாட்டாகத் தன் கண்ணைக் காட்ட உள்ளே போனார். வெளியே வரும்போது அவர் முகம் மாறியிருந்தது. என் தாளைப் பிடுங்கிக் கிழித்தார்.

"டார்ச் லைட்ட வச்சுக்கிட்டு டாக்டர் வேல பாக்குறியாடா? எல்லாம் பொய்யி!"

"புள்ளைக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்தா என்ன கொறஞ்சு போயிருவீக?" என்று அம்மா கேட்டாள். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைத்தான் அதிகம் வெறுத்தேன்.

அடுத்த வாரமே இடுப்பு வலி என்று சொல்லி, அப்பா பகல் லோடு மட்டும் ஓட்டத் தொடங்கினார். அவருடைய வலியை வீடே நம்பித் தைலம் தேய்த்தது. நானோ அதே மங்கலில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கும் என் கண்தான் என்று சித்தப்பா பல வருஷம் கழித்துச் சொன்னார். என் தாள் உண்மையென்றால் அன்று அப்பாவுக்கு எழுதிய தாளும் உண்மை. லாரி கைவிட்டுப் போய்விடும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதற்காக என்னைப் பொய்க்காரியாக விட்டாரே, அது ஆறவில்லை.

அன்று கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி வந்து சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். என் தாள் முழுசாகச் சேர்ந்த பிறகும் கை நிறையத் துண்டுகள் மிஞ்சின. குப்பை என்று நினைத்து அவற்றை நானே அடுப்பில் போட்டேன்.