கடலில் எத்தனை இனிப்பு

அப்பா வாத்தியார் வேலையை இரண்டு தடவை இழந்தார். முதல் தடவை, பிள்ளைகள்மேல் குச்சி எடுக்க மாட்டேன் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்று, தானே வெளியே வந்தார். இரண்டாவது தடவை அதை அவர் கையிலிருந்து பிடுங்கியவள் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது. வயதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவில்லை. பதினோரு வயதுக்கு அந்தக் கள்ளத்தனம் ஜாஸ்திதான்.

அனுமந்தன்பட்டியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. வேலையை விட்டு வந்த அப்பா பகலெல்லாம் பந்தலுக்குள் குனிந்து கிடந்தார். மூன்றாம் வகுப்போடு என்னையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, தானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஊர் சும்மா இருக்குமா? "பீஸ் கட்ட வக்கில்லாம பிள்ளைய வீட்ல வச்சிருக்காக" என்றது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று அம்மா வெளியே சிரித்தாள், அடுப்படியில் அழுதாள்.

உண்மையைச் சொன்னால், அப்பா மாதிரி ஒரு வாத்தியாரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. எதற்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டார். ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு மருந்தடிக்கப் போய்விடுவார். நானே முட்டிமோதிக் கண்டுபிடித்து அவரைத் தேடி ஓட வேண்டும். பாழாய்ப்போன எனக்கு வாத்தியார் வேண்டியிருக்கவில்லை. காலை எட்டேகாலுக்கு எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிற மஞ்சள் வேன் வேண்டியிருந்தது. அதில் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து போனார்கள். இரட்டைச் சடை, ரிப்பன், காய் விடுவது, பழம் விடுவது எல்லாம் அவர்களுக்கு இருந்தது. எனக்கு மூன்று வருஷமாகச் சண்டை போடக்கூட ஆள் இல்லை. அப்பாவிடம் சொன்னால் முகம் சுருங்கிவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே அழுது புரண்டு சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அந்த வருஷம் எங்களைப் போலவே பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைத்த இரண்டு குடும்பங்கள் அப்பாவுக்குப் பழக்கமாயின. ஒருவர் தேவாரம் ஊர் ஏலக்காய் வியாபாரி. இன்னொரு குடும்பம் கெங்குவார்பட்டியில் மாந்தோப்பு வைத்திருந்தது. மூன்று குடும்பமும் சேர்ந்து கோடையில் ராமநாதபுரத்துப் பக்கம் கடற்கரையில் மூன்று நாள் தங்குவது, லீவுக்கு லீவும் ஆச்சு பாடத்துக்குப் பாடமும் ஆச்சு என்று அப்பா திட்டம் போட்டார். அவர் மனசில் இருந்தது இன்னும் பெரிது. அந்த இரண்டு வீட்டு ஆறு பிள்ளைகளும் ஜூனிலிருந்து எங்கள் தோட்டத்துக் கொட்டகைக்கு வந்து அவரிடம் படிக்க வேண்டும். கரும்பலகைகூட வாங்கிவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, வந்து தீர்ப்புச் சொன்னார்.

"மாப்ள, அந்த ரெண்டு வீட்டுக்காரவுகளும் ஒங்கள நம்பிப் பிள்ளைகள அனுப்புனாகன்னா நான் வாயத் தொறக்கல. இல்லேன்னா ஜூன்ல இவள நானே கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துல சேத்துவிட்ருவேன்."

அப்பா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். கதவுக்குப் பின்னால் நின்று நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். மறுநாள் வேடிக்கை பார்க்க மாமாவும் எங்களோடு வாடகை வேனில் ஏறிக்கொண்டார்.

கடலை முதன்முதலாகப் பார்த்து வாய் பிளந்து நின்ற பிள்ளைகளிடம், அலை எத்தனை செகண்டுக்கு ஒருதரம் வருகிறது என்று எண்ணச் சொல்கிற மனிதரை என்னவென்று சொல்வது? மணலில் கம்பு நட்டு, தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் குறிக்கச் சொன்னார். நண்டு வளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குப்புறப்படுத்துப் பார்க்க வைத்தார். ஆறு பிள்ளைகளும் அவர் பின்னாலேயே சுற்றினார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் தேவாரத்துக்காரர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரே, எம்பிள்ள ஒரு எடத்துல குத்தவச்சு நான் பாத்ததே இல்ல" என்றார். அப்பாவின் முகத்தை அப்படி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.  ஜூனில் மஞ்சள் வேன் நானில்லாமல்தான் போகப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில், தான் கடைசியாகப் பொத்தி வைத்திருந்த பாடத்தை அப்பா எடுத்தார். திராட்சை வெட்டுகிற காலத்தில் வியாபாரிகள் கொண்டுவருகிற இனிப்பு மீட்டர் ஒன்றை அப்பாவும் வாங்கி வைத்திருந்தார். கையளவுக் குழல். முனையில் இருக்கிற கண்ணாடியில் பழச்சாறு ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் இனிப்பு எத்தனை என்று எண் தெரியும். எங்கள் பக்கத்தில் பழத்துக்கு அந்த எண்தான் தெய்வவாக்கு. அப்பா அதில் கடல் தண்ணீரை ஒரு சொட்டு விட்டார். பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். நாலு காட்டியது.

"நாக்குல வச்சா உப்புக் கரிக்குது. மீட்டரு நாலு இனிப்புங்குது. நாக்கு பொய் சொல்லுதா, மீட்டரு பொய் சொல்லுதா?"

ஒருவன் மீட்டர் ரிப்பேர் என்றான். மற்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள். எனக்குப் பதில் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரையும் உப்பையும் மீட்டரையும் என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். உப்பைப் போடப் போட எண் ஏறியது. அந்தக் குழலுக்கு இனிப்பும் தெரியாது, கசப்பும் தெரியாது. தண்ணீரில் கரைந்திருப்பது சீனியோ உப்போ, அதற்குள் வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்பதை மட்டும் பார்த்து எண் சொல்கிறது. அதைக் கண்டுபிடித்த அன்று தோட்டம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். அப்பா மருந்து டேங்கைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார்.

இப்போது எல்லாரையும் தாண்டி என்னைப் பார்த்தார். "நீ சொல்லு ஆத்தா."

"கடல்ல சீனி இருக்குப்பா. உப்பு சாஸ்தியா இருக்கதுனால நாக்குக்குத் தெரியல."

 மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். "வாத்தியார் பிள்ள மக்குன்னு சும்மாவா சொன்னாக!" மாந்தோப்புக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தேவாரத்துக்காரர் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுத்தா" என்றார் அப்பா. குரல் இறங்கிவிட்டது.

கால் கட்டைவிரலை மணலுக்குள் அழுத்திக்கொண்டு, "சீனிதான்பா" என்றேன். சண்டாளி.

அப்பா துண்டு முனையால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எல்லாரையும் பார்த்து, "பிள்ள மேல தப்பில்ல. நாந்தான் சரியாச் சொல்லிக் குடுக்கல" என்றார். மற்றப் பிள்ளைகளுக்குப் பதிலை அவரே அவசர அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டார். திரும்பும்போது வேனில் யாரும் பாடத்தைப் பற்றிப் பேசவில்லை. தேவாரத்துக்காரர் இறங்கும்போது, "பாப்போம் சாரே" என்றார். அவர்களும் வரவில்லை, மாந்தோப்புக்காரர்களும் வரவில்லை. கரும்பலகையை அம்மா கொட்டகைச் சுவரில் திருப்பிச் சாய்த்து வைத்தாள். அதன் பிறகு அப்பா என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒருநாள் நானே போய், "இலை ஏன்ப்பா சுருளுது?" என்று கேட்டேன். "பூச்சி" என்று சொல்லிவிட்டு மருந்தடிக்கப் போய்விட்டார். அன்று பந்தலுக்குள் உட்கார்ந்து எதற்கு என்றே தெரியாமல் அழுதேன். இன்றுவரை அவர் யாருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்ததில்லை. அதைப் பற்றி அவரிடம் பேச எனக்கும் துணிச்சல் வந்ததில்லை.

ஜூனில் மாமா கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அப்பாவே வண்டியில் கூட்டிப்போனார். பள்ளிக்கூட வாசலில் என்னை இறக்கிவிட்டு, பையைத் தோளில் மாட்டி, குனிந்து சன்னமான குரலில் சொன்னார்.

"இங்கன யாரு கேள்வி கேட்டாலும், தெரிஞ்சதத் தெரியாதுன்னு சொல்லிறாத ஆத்தா."

எல்லா அப்பாக்களும் முதல் நாள் வாசலில் சொல்லிவிட்டுப் போகிற புத்திமதி என்றுதான் நினைத்தேன். மணி அடித்துவிட்டது. சரிப்பா என்று தலையை ஆட்டிவிட்டு, மஞ்சள் வேனிலிருந்து இறங்கிய பிள்ளைகளோடு பிள்ளையாகச் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினேன்.