சுமையா உறையவைத்த இலைகள்

பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றைத் துடைப்பது என் வேலை. சுமையாவை எனக்கு அங்கேதான் பழக்கம். கீழக்கரைப் பெண். கடல் தாண்டி வந்து, இங்கே பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறை எடுத்துத் தங்கி, உப்புத் தண்ணீரில் நெல் எப்படி வாடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். நான் அதிகம் பேசமாட்டேன். அவள் பேசுவாள்.

"இலைய அரைச்சு என்னத்த பாக்குற, தங்கச்சி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்லக்கா? உப்பு தாங்காத செடிக்கும் உள்ள இருக்குற கொழுப்பு அப்படிக் கெட்டுப்போகும். இலைச் சாறுல மருந்து ஊத்திக் கொதிக்க வச்சா ரோஸ் கலர் வரும். எவ்வளவு கெட்டிருக்கோ அவ்வளவு கலர்."

நல்ல தண்ணீர் குடித்த நெல்லின் சாறு வெளிறி நிற்க வேண்டும், உப்புத் தண்ணீர் குடித்தது சிவக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் அவளுக்குப் பட்டம். பல மாதமாக வளர்த்துப் பறித்த இலைகளை உறைபெட்டியில் சேர்த்து வைத்திருந்தாள். பெருநாள் கழிந்ததும் அளக்கவேண்டும். அதன்பின் விசா முடிகிறது. மறுபடி அனுப்பமாட்டேன் என்று அவள் வாப்பா சொல்லிவிட்டார்.

நோன்பு மாதம் முழுக்க ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் ரைஸ் குக்கரில் கஞ்சி வைப்பாள். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் விஜயன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருவார்.

"ஏம்மா, இது லேப்பா, கஞ்சிக் கடையா?"

"கடைன்னா ஒங்களுக்கு ஓசில கிடைக்குமாண்ணே?"

"அதுவும் சரிதான்லா. கொஞ்சம் கூட ஊத்து."

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அறையில் மின்சாரம் வரவில்லை. குக்கரைத் தூக்கிவந்து உறைபெட்டி இருந்த அதே இணைப்பில் சொருகினாள். எனக்கும் ஒரு டப்பா கஞ்சி கொடுத்தாள். நோன்பு திறந்தபின், மிச்சக் கஞ்சி சூடாக இருக்கட்டும் என்று குக்கரை அப்படியே விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போனாள். திரும்பி வரவில்லை, அசதியில் தன் வாடகை அறைக்கே போய்விட்டாள்.

திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் புளித்த கஞ்சி வாடை. உறைபெட்டிக்குக் கீழே தண்ணீர் தேங்கி நின்றது. குக்கரும் உறைபெட்டியும் ஒரே இணைப்பில் இழுத்ததில் சுவிட்ச் ட்ரிப் ஆகி மின்சாரம் நின்றிருந்தது. துடைக்காமல் நின்றேன். சுமையா வந்து உறைபெட்டியிலிருந்த பையை எடுத்துத் திறந்தாள். உள்ளே இலைகள் வேகவைத்த கீரை மாதிரி கிடந்தன.

"உருகினாலே எல்லா இலையும் தானா கெட்டுப்போகும்க்கா," என்றாள். ஆனாலும் அரைத்தாள். மருந்து ஊற்றிக் கொதிக்கவைத்து, குழாய்களைப் பனிக்கட்டியில் நிறுத்தினாள். நல்ல தண்ணீர் நெல், உப்புத் தண்ணீர் நெல் எல்லாமே, தண்ணீர் கலந்த ரோஸ் சிராப் சர்பத் நிறத்தில் இருந்தன.

விஜயன் ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்துப் பார்த்தார்.

"எல்லாம் ஒண்ணுபோலத்தான் காட்டுதும்மா."

"இன்னொரு தடவ பாருங்கண்ணே."

பார்த்தார். அவள் கேட்காமலே மறுபடியும் ஒருமுறை சாறு ஊற்றிய கண்ணாடிக் குப்பியைத் துடைத்து வைத்துப் பார்த்தார். பிறகு கருவியை அணைத்தார்.

"மறுபடி நட்டா?" என்றேன்.

"நெல்லு வளர்றதுக்குள்ள நான் ஊர்ல இருப்பேன்க்கா."

குழாய்களை அவளே கழுவினாள். நான் வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. பாங்கு சொல்லும் நேரம் வந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்து நோன்பு திறந்துவிட்டு, அடுத்த குழாயை எடுத்தாள்.